17-ஆ, 18-ஆ, 20-ஆ? பாலக்காட்டுச் சாலைக்கு எந்தச் சக்கரம்

வாளையாரைத் தாண்டி இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் வட்டாரத்தில் இப்போது ஜெர்மன் கார்கள் நிறையக் கண்ணில் படுகின்றன. பெரும்பாலும் கொச்சியிலோ கோவையிலோ சில வருடம் ஓடி, இரண்டாம் கைக்கு வந்தவை. புது இன்னோவாவுக்குக் கொடுக்கிற பணத்தில் மெர்சிடிஸ் இ கிளாஸோ பிஎம்டபிள்யூ 5 சீரிஸோ கிடைக்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது? வாங்கப் போகிறவர்கள் எந்த வருட வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, சர்வீஸ் பதிவு ஒழுங்காக இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் ஏதாவது இருக்கிறதா என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். சக்கரத்தை மட்டும் அழகுக்குப் பார்க்கிறார்கள். பெரிசாக இருந்தால் எடுப்பாக இருக்கிறது என்று கூடுதல் காசும் கொடுக்கிறார்கள்.

சொகுசுக்காக இந்தக் காரை வாங்குகிறீர்கள் என்றால், அந்தச் சொகுசில் பெரும் பங்கை முடிவு செய்வது அந்தச் சக்கரம்தான். என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடான் என்றால் 18 அங்குலம், அதுவும் ரன்பிளாட் (காற்றுப் போனாலும் ஓடும் டயர்) அல்லாத சாதாரண டயரோடு. 17 கிடைத்தால் சின்னதாக இருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம். 19 சிலருக்குச் சரிப்படும். 20 நம் சாலைக்கு வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் 245/45 ஆர் 18 என்று அச்சடித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் இருக்கும் 45-ஐத்தான் பலரும் கவனிப்பதில்லை. அகலத்தில் 45 சதவீதம் ரப்பர் சுவரின் உயரம் என்று பொருள். ரிம்மின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை அது சொல்கிறது. பள்ளத்தில் விழும்போது உங்கள் இடுப்பைக் காப்பாற்றும் முதல் மெத்தை அதுதான்.

இ கிளாஸின் 2016-ல் வந்த தலைமுறைக்கும், 5 சீரிஸின் 2017-ல் வந்த தலைமுறைக்கும் முன்பக்க டயர் அளவுகள் ஏறக்குறைய ஒன்றுதான்: 225/55 ஆர் 17, 245/45 ஆர் 18, 245/40 ஆர் 19, 245/35 ஆர் 20. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான்கின் வெளி விட்டமும் 678 முதல் 680 மி.மீ.க்குள் வந்துவிடும். மீட்டர் காட்டும் வேகம் மாறக்கூடாது, சக்கரம் மட்கார்டு வளைவுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ரிம் எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு ரப்பர் குறைந்தாக வேண்டும். 17-ல் சுவர் உயரம் 124 மி.மீ. 18-ல் 110. 19-ல் 98. 20-ல் 86 மட்டும். 17-லிருந்து 20-க்குப் போனால் ரப்பர் சுவரில் ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. 19, 20 அங்குலத்தில் பல வண்டிகளுக்குப் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட அகலமாக வரும். 20-ல் பின்னால் 275/30 என்றால் சுவர் 82 மி.மீ.தான். இந்தக் காரை வாங்குகிறவர், அல்லது அவர் வீட்டுப் பெரியவர்கள், உட்காரப் போவது பின்சீட்டில். கூடுதல் விலை கொடுத்து, வண்டியிலேயே மிகக் கடினமான இடத்தில் வீட்டு மூத்தவரை உட்கார வைப்பதுபோல் ஆகிவிடுகிறது. அகலம் வேறு வேறாக இருப்பதால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்தவும் வழியில்லை.

எல்லாச் சாலையும் ஒரே மாதிரி உலுக்காது. வாளையாரிலிருந்து வடக்கஞ்சேரி வழியாகக் குதிரான் சுரங்கத்தைத் தாண்டிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 544-ல் வண்டி பெரிய அலைபோல் மெதுவாக மேலே போய்க் கீழே வரும். அது ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே 18-க்கும் 20-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஷோரூம்காரர் டெஸ்ட் டிரைவுக்கு அழைத்துப் போவதும் இந்த மாதிரி சாலைக்குத்தான்.

நம் அன்றாட ஓட்டம் வேறு. தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓடும் கிளைச் சாலைகளில் தார் முடியும் இடத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு படி இருக்கும். எதிரே பஸ் வந்தால் இடப்பக்கச் சக்கரங்களைக் கீழே இறக்கித்தான் ஒதுங்க வேண்டும். பஸ் போனதும் அதே படியில் சாய்வாக ஏற வேண்டும். டயரின் பக்கச் சுவர் நேராகக் கூரான விளிம்பில் உரசும் தருணம் அது. குடிநீர்க் குழாய்க்காகக் குறுக்கே வெட்டி, ஜல்லி போட்டு மூடி, மழைக்கு மறுபடி இறங்கிப்போன பள்ளங்கள் வேறு. தண்ணீர் தேங்கும் இடங்களில் தாருக்குப் பதில் இன்டர்லாக் கல் பதித்திருப்பார்கள். அதில் ஏறியவுடன் உள்ளங்காலில் ஒரு தொடர் அதிர்வு வரும். அதற்கப்புறம் வெள்ளைக்கோடு ஐந்தாறு அடுக்கிப் போட்ட வேகத்தடைகள். இவை எல்லாம் சிறிய, கூரான, சட்டென்று வந்து போகும் அடிகள். இவற்றைச் சஸ்பென்ஷனுக்கு முன்னால் வாங்கிக்கொள்வது டயர்தான். அங்கே 18-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் சொல்லிவிடுவார்.

கொல்லங்கோட்டில் தோப்பு வைத்திருக்கும் மாமா ஒருவர் கேட்டார்: "ஏர் சஸ்பென்ஷன் இருக்குதுல்ல மாப்ள, சக்கரம் எதா இருந்தா என்ன?" இந்தக் கேள்வி பலருக்கும் இருக்கிறது. மாமாவிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். காரின் உடம்பு ஸ்பிரிங் மேல் ஆடுவது விநாடிக்கு ஒரு தடவை, ஒன்றரைத் தடவை. ஏர் சஸ்பென்ஷன் அதை அருமையாக அடக்கும். பெரிய வேகத்தடையில் ஏறி இறங்கும்போது படகுபோல் போவது அதனால்தான். சக்கரமோ தானாகக் குதிக்கும்போது விநாடிக்குப் பத்து முதல் பதினைந்து தடவை குதிக்கிறது. கல் விளிம்பு அதைவிட வேகமாக வந்து அடித்துவிட்டுப் போகும். காற்றுப் பை அதை உணர்ந்து இளகுவதற்குள் அடி ரிம்முக்குப் போய், சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குப் போய், சீட்டுக்கு வந்துவிடும். ஏர் சஸ்பென்ஷனோடு 20 அங்குலச் சக்கரம் உள்ள வண்டியில் பெரிய மேடுகள் தெரியாது, சின்னக் கற்கள் எல்லாம் தெரியும். சாதாரண ஸ்பிரிங்கும் 18 அங்குலமும் உள்ள வண்டி நம் கிளைச் சாலையில் அதைவிடச் சுகமாக இருக்கும் என்பதே என் கருத்து. இரண்டும் சேர்ந்து கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

பெரிய சக்கரத்தில் சுவர் குறைவதோடு கதை முடிவதில்லை. டயர் வண்டியைத் தாங்குவது ரப்பரால் இல்லை, உள்ளே இருக்கும் காற்றால். காற்றுக்கு இடம் குறைந்தால் அழுத்தத்தைக் கூட்டித்தான் அதே பாரத்தைத் தாங்க முடியும். 245/35 ஆர் 20 டயர் பெரும்பாலும் எக்ஸ்.எல். என்ற கூடுதல் பார வகையில்தான் வரும். அதில் 95 என்று குறியீடு இருந்தால் ஒரு டயர் அதிகபட்சம் 690 கிலோ தாங்கும், அதுவும் 2.9 பார், அதாவது 42 பி.எஸ்.ஐ. அழுத்தக் கணக்கில். 225/55 ஆர் 17-ல் சாதாரண வகை, 97 குறியீடு உள்ள டயர் 730 கிலோ தாங்கும், 2.5 பாரில், அதாவது 36 பி.எஸ்.ஐ.யில். சின்னச் சக்கரம் குறைந்த காற்றில் அதிகப் பாரம் தாங்குகிறது! உயரம் குறைந்த சுவர், அதற்குள் இறுகிய காற்று, இரண்டும் சேரும்போது டயர் இளக இடமே இருப்பதில்லை. போதாததற்கு அலாய் ரிம் பெரிதாகும்போது எடையும் பெரும்பாலும் கூடும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால், பள்ளத்திலிருந்து எகிறும் சக்கரத்தை டேம்பர் பிடித்து நிறுத்துவது கடினம். வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு அலாய் இதில் விதிவிலக்கு, எடை குறைவு. விலை அதற்கேற்ப.

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு டயர் கடை. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த 20 அங்குல டயரைக் கடைப் பையன் திருப்பிக் காட்டினான். வெளிப்பக்கம் சின்னக் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. தண்ணீர் நிரம்பிய பள்ளத்தில் விழுந்தபோது விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே சுவர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிட்டன. இழை இல்லாத இடத்தில் காற்று வெளியே தள்ளுகிறது. விரலால் அழுத்தினால் மற்ற இடம் விறைப்பாகவும் அந்த இடம் மட்டும் மெத்தென்றும் இருந்தது. டிரெட், அதாவது தரையைத் தொடும் மேல்பட்டை, புதுசுபோல் இருந்தும் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான், இதற்குப் பஞ்சர் ஒட்டுவதுபோல் எந்த ரிப்பேரும் கிடையாது. டயர் கம்பெனி வாரண்டியிலும் பள்ளத்தில் விழுந்து வரும் சேதம் பொதுவாகச் சேராது. ரிம்மைத் திருப்பிப் பார்த்தால் உள்விளிம்பில் ஒரு நெளிவும் இருந்தது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடம் அது. பேலன்சிங் மெஷினில் போட்டுச் சுற்றினால்தான் தெரியும். இரண்டாம் கைக் கார் வாங்குகிறவர்கள் நான்கு சக்கரத்தையும் கழற்றி இந்த மெஷினில் ஏற்றிப் பார்க்காமல் பணம் எண்ணக்கூடாது.

வண்டி சும்மா நிற்கும்போதே டயர் சுமார் 20 மி.மீ. அமுங்கியிருக்கும். 20 அங்குலச் சக்கரத்தின் 86 மி.மீ.யில் அதைக் கழித்து, ரப்பரின் தடிமனையும் கழித்துப் பாருங்கள். அரை அடி ஆழப் பள்ளத்தின் விளிம்பு எத்தனை சீக்கிரம் ரிம்மைத் தொட்டுவிடும் என்று புரியும். 17-க்கு இன்னும் 38 மி.மீ. பாக்கி இருக்கிறது. அந்த 38 மி.மீ.க்குத்தான் இத்தனை பேச்சும்.

பெரிய சக்கரத்துக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். சுவர் குட்டையானால் வளைவில் டயர் சாயாது. ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் வண்டி திரும்பும். நென்மாறாவிலிருந்து போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதி ஏறும் வளைவுகளில் 19 அங்குல வண்டியைத் தானே ஓட்டிப் போகிறவருக்கு அது தரும் திருப்தி உண்மையானது. காய்ந்த தாரில் அகல டயரின் பிடிப்பும் கூடுதல். ஓட்டுவதில் ஆசை உள்ளவர், பின்சீட்டில் பெரும்பாலும் யாரும் இல்லாதவர், வாரத்துக்கு ஒருமுறை கோவை–திருச்சூர் நெடுஞ்சாலையில்தான் வண்டியை எடுப்பவர் என்றால் 19-ஐ எடுக்கலாம் என்று நானே சொல்வேன். ஆனால் மழைக்காலத்தில் அகலம் எதிராகத் திரும்பும். தேங்கிய தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும். சட்டப்படி டிரெட் 1.6 மி.மீ. வரை தேயலாம் என்றாலும், கேரள மழைக்கு அகல டயரை 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது உயிருக்கு நல்லது.

அப்படியானால் 18-ஐ விட்டு 17-க்கே போய்விடலாமே என்று கேட்கலாம். போகலாம். நான்கில் மிகச் சுகமானது அதுதான், டயரும் விலை குறைவு. ஆனால் பல டாப் மாடல்களில் பிரேக் டிஸ்க்கும் காலிப்பரும் பெரிதாக இருப்பதால் 17 அங்குல ரிம் உள்ளே நுழையாது. 18 எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கிறது. 110 மி.மீ. சுவர், நான்கு சக்கரத்துக்கும் பெரும்பாலும் ஒரே அளவு, சுற்று வட்டாரக் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் வாய்ப்பு. 20 அங்குலம் என்றால் கோவையிலோ கொச்சியிலோ சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை வண்டி ஷெட்டில்தான்.

அங்குலத்துக்கு நிகரான இன்னொரு முடிவும் இதில் ஒளிந்திருக்கிறது. ரன்பிளாட் டயரா, சாதாரண டயரா? ரன்பிளாட்டில் காற்று முழுவதும் போனாலும் சுவரே வண்டியைத் தாங்கும். பொதுவாக மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் 80 கி.மீ. தூரம் வரை போகலாம் என்று சொல்வார்கள். ராத்திரியில் மண்ணார்க்காட்டிலிருந்து ஆனைக்கட்டிக்குக் காட்டு வழியாக வருகிறவருக்கு அது பெரிய தைரியம். ஸ்டெப்னி மாற்றுவதற்காக யானை நடமாடும் இடத்தில் இறங்கி நிற்க வேண்டியதில்லை. ஆனால் வண்டியையே தாங்கும் அளவுக்குச் சுவரைத் தடிமனாக்கினால் அது பள்ளத்தில் எப்படி இளகும்? 18 அங்குல ரன்பிளாட் ஏறக்குறைய 19 அங்குலச் சாதாரண டயர்போல் உலுக்கும் என்பது என் அனுபவம். ரன்பிளாட் தேயும்போது நான்கையும் சாதாரண டயராக மாற்றி, டிக்கியில் காற்றடிக்கும் கம்ப்ரசரும் பஞ்சர் கிட்டும் வைத்துக்கொள்ளலாம். காட்டு வழிப் பயணம் அடிக்கடி உண்டு என்றால் ரன்பிளாட்டிலேயே இருங்கள், அதற்கு ஈடாகச் சக்கரத்தை மட்டும் பெரிதாக்காதீர்கள்.

டயரின் வகையும் பார்க்க வேண்டும். ஒரே அளவில் மிஷலின் பிரைமசியும் கிடைக்கும், பைலட் ஸ்போர்ட்டும் கிடைக்கும். முன்னது அமைதிக்கும் சொகுசுக்கும் செய்தது, பின்னது பிடிப்புக்குச் செய்தது. பழைய வண்டியில் ரப்பர் எப்போது வார்த்தது என்பதும் முக்கியம். சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரம். வருடங்கள் போகப் போக ரப்பர் இறுகும். டிரெட் ஆழமாக இருந்தாலும் பழைய டயர் உலுக்கத்தான் செய்யும்.

இவ்வளவும் செடானுக்கு. எஸ்.யு.வி.யில் கணக்கு மாறும். அங்கே வெளி விட்டமே பெரிது. ஆடி கியூ5 போன்ற வண்டிக்கு வரும் 235/60 ஆர் 18-ல் சுவர் 141 மி.மீ. அதே வண்டிக்கு வரும் 255/45 ஆர் 20-லும் 115 மி.மீ. இருக்கிறது, செடானின் 18-ஐவிடக் கூடுதல். ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் 22 அங்குலச் சக்கரத்தில் ஓடியும் மிதப்பதுபோல் போகிறதே என்று சிலர் கேட்பதற்கும் இதுதான் பதில். அதன் முன் டயர் 255/45 ஆர் 22. சுவர் 115 மி.மீ., மொத்த உயரம் 788 மி.மீ. அத்தனை உயரச் சக்கரம் பள்ளத்தில் விழுவதே குறைவு, விளிம்பின் மேல் உருண்டு போய்விடும். அதனால் விளம்பரத்தில் அங்குலத்தை மட்டும் பார்க்காமல் டயர் சுவரில் உள்ள மூன்று எண்ணையும் போனில் குறித்துக்கொண்டு வந்து, முதல் இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள். 100 மி.மீ.க்குக் கீழே வந்தால் நம் சாலைக்கு யோசிக்க வேண்டிய வண்டி.

மனசுக்குப் பிடித்த வண்டி 20 அங்குலத்தோடுதான் கிடைக்கிறது என்றால், வாங்கி 18-க்கு இறக்கலாமா? இறக்கலாம், கம்பெனியே அந்த மாடலுக்கு 18-ஐ அனுமதித்திருந்தால். ஓட்டுநர் கையேட்டில் அனுமதித்த அளவுகள் இருக்கும், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பார்க்கலாம். அந்த வண்டிக்கே வரும் ஒரிஜினல் அலாய், பழசானாலும், நகல் அலாயைவிட மேல். போல்ட் துளைகளின் இடைவெளி பொருந்துகிறதே என்று மெர்சிடிஸ் ரிம்மை பிஎம்டபிள்யூவுக்குப் போடக்கூடாது. மெர்சிடிஸ் போல்ட்டின் தலைக்கு அடிப்பகுதி உருண்டையாக இருக்கும், பிஎம்டபிள்யூவில் கூம்பாக இருக்கும். மாறிப் போட்டால் இறுகியதுபோல் தெரியும், உட்கார்ந்திருக்காது. ரிம் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே நிற்கும் என்று சொல்லும் ஆஃப்செட்டும் சரியாக இருக்க வேண்டும். சக்கரம் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் கேரள மோட்டார் வாகனத் துறை விடாது. உற்பத்தியாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பு சொன்னதும் கேரள வழக்கில்தான். பழைய 20 அங்குலச் செட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், விற்கும்போது கேட்பார்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது நெடுஞ்சாலைக்குப் பதில் உங்கள் வீட்டுக்குப் போகும் சாலையிலேயே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். வேகம் முப்பது, நாற்பது போதும். இன்டர்லாக் கல்லிலும் பாலத்தின் இணைப்பிலும் தார் விளிம்பிலும் ஏற்றி இறக்குங்கள். ஓட்டுவதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் இடப்பக்கம் உட்காருங்கள், அந்தப் பக்கச் சக்கரம்தான் அதிகம் அடி வாங்கும். அம்மாவோ அப்பாவோ அதில் பயணம் செய்யப்போகிறவர் என்றால் அவர்களையும் அழைத்துப் போங்கள். இடுப்பு வலி உள்ளவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

கிளம்புமுன் காற்றைச் சரிபார்ப்பதை மறக்க வேண்டாம். விற்பனைக்கு நிற்கும் வண்டிகளில் டயர் தட்டையாகிவிடக்கூடாது என்று காற்றைக் கூட்டி வைப்பது வழக்கம். அப்படியே ஓட்டிப் பார்த்தால் நல்ல வண்டியும் கட்டை வண்டியாகத் தெரியும். ஸ்டிக்கரில் ஆள் குறைவாக இருக்கும்போது ஒரு அளவும், முழுப் பாரத்தோடு போகும்போது ஒரு அளவும் இருக்கும். நாம் தினமும் இரண்டு பேர் போவதற்கு முழுப் பார அளவை அடித்துக்கொண்டு திரிகிறோம். ஏற்கெனவே 19-ஓ 20-ஓ வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: காலையில் வண்டி எடுக்குமுன், டயர் ஆறியிருக்கும்போது, ஸ்டிக்கரில் உள்ள குறைந்த பார அளவுக்குக் காற்றைக் கொண்டுவருவது. அதற்குக் கீழே இறக்கக்கூடாது, சுவர் குட்டையான டயரில் காற்று குறைந்தால் ரிம் அடிபடும். வேளாங்கண்ணிக்கோ குருவாயூருக்கோ குடும்பத்தோடு ஐந்து பேர் மூட்டை முடிச்சோடு கிளம்பும் அன்று மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.